ரோசேசியா நம்ம தோலுக்கும் வரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பரு பத்தி எழுதுன பதில்ல, பாக்க பரு மாதிரியே இருக்கும் ஆனா பரு இல்ல, அதுக்கு ரோசேசியான்னு பேருன்னு ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். அதுக்கே இத்தன பேர் எழுதியிருக்கீங்க, அதான் இந்த மாசம் பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். நான் மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு பார்மசியில வேல பாக்குற பார்மசிஸ்ட், டாக்டர் இல்ல. மருந்து பத்தி, கிரீம் பத்தி, எப்ப டாக்டர்ட்ட போகணும்ங்கிறது பத்தி சொல்றேன். உங்க மூஞ்சியில இருக்கறது என்னன்னு நேர்ல பாத்து சொல்ல வேண்டியவங்க டாக்டர்தான்.

அக்கா வணக்கம். எனக்கு வயசு 41, ஸ்கூல் கேன்டீன்ல சமைக்கிறேன். ரெண்டு கன்னமும் மூக்கும் அடிக்கடி குப்புன்னு சூடேறி எரியுது, சின்ன சின்னதா பருவும் வருது, அந்த இடமெல்லாம் கருத்துக்கிட்டே போகுது. தனியார் கிளினிக் டாக்டர் ரோசேசியான்னு சொன்னாரு. வீட்ல எல்லாரும் அது வெள்ளக்காரங்களுக்கு வர்ற நோய், நமக்கெல்லாம் வராது, உனக்கு உடம்பு சூடு, நல்லெண்ணெ தேச்சு குளின்னு சொல்றாங்க. யார நம்புறது?

டாக்டர நம்புங்கம்மா. வீட்ல சொல்றதுலயும் தப்பு கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா ரோசேசியான்னு எங்க தேடுனாலும் வர்ற படம் பூரா வெள்ள வெளேர்னு ஒரு மூஞ்சி, அதுல ரோஸ் கலர்ல கன்னம். அந்தப் படத்த பாத்துட்டு நம்ம மூஞ்சிய கண்ணாடியில பாத்தா ஒண்ணுமே ஒத்துப்போகாது. நம்ம நிறத்துல அந்த சிவப்பு சிவப்பாவே தெரியாது, கருஞ்சிவப்பா, சில பேருக்கு ஊதா கலந்த மாதிரி, பல பேருக்கு வெறும் கருப்பாதான் தெரியும். அதனால வெயில்ல கருத்துப்போச்சு, அலர்ஜி, பருன்னு சொல்லி வருசக்கணக்கா வேற எதுக்கோ மருந்து போட்டுக்கிட்டு இருக்கறவங்க நம்ம ஆளுங்கள்ல நெறைய. வெள்ளத் தோல்ல அதிகமா பாக்குறாங்கங்கிறது உண்ம, ஆனா நம்ம தோல்ல கண்டுபிடிக்காம விடுறது அதிகம்ங்கிறதும் உண்ம.

அதனால நிறத்த மட்டும் பாக்காதீங்க, எரிச்சல கவனிங்க. நீங்க எழுதுன அந்த 'குப்புன்னு சூடேறி' இருக்கே, அதுதான் முக்கியமான அடையாளம். சோப்பு பட்டா, வேர்வ பட்டா சுரீர்னு இருக்கும், தோல் லேசா வீங்குன மாதிரி தடிச்சு சொரசொரன்னு இருக்கும், எல்லாம் மூஞ்சிக்கு நடுவுல, கன்னம் மூக்கு நெத்தி தாடையில. பரு வரும், ஆனா சாதாரண பருவுல இருக்கற கரும்புள்ளி, அதாவது பிளாக்ஹெட், இதுல இருக்காது. நல்ல வெளிச்சத்துல ஒரு சின்ன கண்ணாடித் துண்ட கன்னத்துல வச்சு லேசா அழுத்தி பாக்குறது டாக்டர்ங்க செய்ற ஒண்ணு, அழுத்துனா அந்த இடம் வெளுத்து, எடுத்தா நிறம் திரும்பி வரும். வெறும் வெயில் கருப்பா இருந்தா அழுத்துனாலும் அப்படியேதான் இருக்கும்.

இது அழுக்குனால வர்றதில்ல, ஒட்டாது, உடம்பு சூடும் இல்ல. மூஞ்சியில இருக்கற சின்ன ரத்தக்குழாயும் நரம்பும் சூட்டுக்கும் வெயிலுக்கும் தேவைக்கு மேல துள்ளுது, தோலோட எதிர்ப்பு சக்தியும் சேர்ந்து அங்க ஒரு அழற்சிய கெளப்பி விட்டுருது. எல்லார் மூஞ்சியிலயும் குடியிருக்கற டெமோடெக்ஸ்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, ரோசேசியா உள்ளவங்க தோல்ல கூடுதலா இருக்குது. அடியோட போயிரும்னு சொல்ல மாட்டேன், ஆனா கட்டுப்பாட்டுல வைக்கலாம், நல்லாவே வைக்கலாம்.

எண்ணெ தேச்சு குளிக்கறது உங்க இஷ்டம், தலையோட நிறுத்திக்குங்க. மூஞ்சிக்கு மஞ்சள் எலுமிச்சை பூசுறது, தைலம் தடவுறது, துண்டால அழுத்தித் தேய்க்கறது, குருணை போட்ட ஸ்கிரப், இதெல்லாம் இன்னைக்கே நிறுத்தணும். மெந்தால், கற்பூரம் சேத்த எதுவும் இந்தத் தோலுக்கு ஆகாது, பூசுன உடனே ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் எரிச்சல் கூடிரும். வாசன இல்லாத லேசான பேஸ்வாஷ், சாதா தண்ணி, துண்டால ஒத்தி எடுத்துட்டு வாசன இல்லாத மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான்.

நீங்க கேன்டீன்ல காலையில அஞ்சு மணிக்கெல்லாம் சமையல் சட்டிக்கு முன்னால நிக்கிறவங்க, அடுப்பு பக்கம் போகாதன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. டேபிள் ஃபேன அடுப்புக்கு காத்து படாம உங்க கழுத்துக்கு படுற மாதிரி திருப்பி வைங்க, ஒரு துண்ட நனச்சு பிழிஞ்சு பின்கழுத்துல போட்டுக்குங்க, குளுந்த தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருங்க, மூடிய தெறக்கும்போது மூஞ்சிய திருப்பிக்குங்க, ஏன்னா அந்த ஆவிதான் அடுப்ப விட மோசம். ஐஸ்கட்டிய நேரா மூஞ்சியில வைக்க வேணாம்.

இன்னொரு விசயம், இத தயவு செஞ்சு விட்டுறாதீங்க. கன்னத்துல வர்ற சிவப்பு எல்லாமே ரோசேசியா இல்ல. மூட்டு வலி, வாய்ப்புண்ணு, முடி கொத்தா கொட்டுறது, காரணமில்லாத அசதி, இதெல்லாம் கூட சேந்து வந்தா லூப்பஸா இருக்கலாம், உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற நோய், அது பெரும்பாலும் பொம்பளைங்களுக்கு வர்றது, ரத்தம் சோதிச்சாதான் தெரியும். டாக்டர்ட்ட அப்படி ஏதாவது இருந்தா வாய் விட்டு சொல்லுங்க, அவரா கேப்பாருன்னு காத்திருக்க வேணாம்.

அக்கா, எனக்கு 24 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, ஒரு செட் கிரீம் வாங்கி போட்டேன், பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணு. ஒரே வாரத்துல மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. இப்ப நிறுத்துனா மூஞ்சியெல்லாம் நெருப்பா எரியுது, சிவந்து பருவா வருது, திரும்ப போட்டா அடங்குது. என்ன செய்யறதுன்னே தெரியல, அழுகையா வருது.

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன், இது உன் குத்தம் இல்ல. கருப்பா இருக்கறன்னு சின்னதுல இருந்து சொல்லி சொல்லி வளத்த பொண்ணுங்க அத்தன பேரும் அந்தக் கடைக்கு முன்னாடி ஒரு நாள் நிக்கத்தான் செய்யுது.

அந்த டப்பாவ எங்க கவுண்டர்ல அடிக்கடி பாக்குறேன், ஒவ்வொரு தடவயும் வேற பேரு, ஆனா ஒரே ஜாதி. வெள்ள பிளாஸ்டிக் டப்பா, மூடியில பேனாவால ஒரு சூரியன், இன்னொண்ணுல நிலா, தயாரிச்சவங்க பேரு விலாசம் ஒண்ணும் இருக்காது, தெறந்தா பட்டர் மாதிரி மஞ்சளா வழவழன்னு இருக்கும், மேல ரோஜா செண்டு வாசன தூக்கலா. இந்த மாதிரி கிரீம்ல பெட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு, நிறத்த வெளுக்க வைக்கிற ஹைட்ரோகுவினோன், தோல உரிக்கிற டிரெட்டினாயின், பாதரசம் எல்லாம் கலந்திருந்தத சுகாதார அமைச்சுக்கு கீழ மருந்த கட்டுப்படுத்துற என்.பி.ஆர்.ஏ. பல தடவ பிடிச்சு பேரோட எச்சரிக்க விட்டிருக்காங்க.

ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆச்சுன்னு எழுதியிருக்கியே, அங்கதான் எனக்கு சந்தேகம். ஸ்டீராய்டு ரத்தக்குழாய சுருக்கி வச்சு சிவப்ப மறைச்சுரும், பருவ அமுக்கிரும், மூஞ்சி நல்லாயிருச்சுன்னு தோணும். உள்ள தோல் மெலிஞ்சுக்கிட்டே போகும். நிறுத்துனா சுருங்கியிருந்த குழாயெல்லாம் ஒரே நேரத்துல விரிஞ்சு எரிய ஆரம்பிக்கும், திரும்ப போட்டா அடங்கும், அந்த அடங்குறத பாத்துட்டு கிரீம் நல்லதுதான்னு நெனச்சு தொடர்ந்து போடுறவங்க எத்தனயோ பேரு. ஸ்டீராய்டுனால வர்ற ரோசேசியா இப்படித்தான் நடந்துக்கும், நீ சொல்றது அதுக்கு அப்படியே ஒத்துப்போகுது.

இதுல இருந்து வெளிய வர முடியும், ஆனா தனியா பண்ணாத. ரெண்டு டப்பாவையும் தூக்கிப் போடாம பையில வச்சு எடுத்துக்கிட்டு இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்கு போ, குடியுரிமை உள்ளவங்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). டப்பாவ டாக்டர் கையில குடுத்து எவ்வளவு நாளா போட்டேன்னு மறைக்காம சொல்லு. ஒரேயடியா நிறுத்தறதா, லேசான ஒண்ணுக்கு மாத்தி கொறச்சுக்கிட்டே வர்றதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க, எரிச்சலுக்கு ஸ்டீராய்டு இல்லாத மருந்தும் இருக்கு. மொத சில வாரம் மூஞ்சி இப்ப இருக்கறத விட மோசமாத்தான் ஆகும், அத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டா பயந்துபோய் திரும்ப அந்த டப்பாவ தேட மாட்ட. முழுசா அடங்க சில மாசம் கூட ஆகலாம். வீட்டுக்காரர்ட்டயும் மாமியார்ட்டயும் இத சொல்லி வச்சுரு, அந்த மாசங்கள்ல உன் பக்கத்துல யாராவது இருக்கணும்.

பாதரசம் இருந்தா அது மூஞ்சியோட நிக்காது, கிட்னிய பாதிக்கும், உன் துண்டு தலகாணி வழியா கொழந்தைங்களுக்கும் போகும். வயித்துல பிள்ள இருந்தாலோ அதுக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தாலோ அதையும் டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிரு.

இன்னும் சில பேரு 'டப்பாவுல நோட் நம்பர் இருக்கே, அப்புறம் என்ன'ன்னு கேக்குறாங்க. அது என்.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கற அறிவிப்பு நம்பர். இப்படி ஒரு பொருள விக்கப்போறேன்னு கம்பெனி பதிஞ்சதுக்கு அடையாளம், அரசாங்கம் உள்ள என்ன இருக்குன்னு சோதிச்சு குடுத்த சான்றிதழ் இல்ல. மருந்துக்கு இருக்கறது எம்.ஏ.எல். நம்பர், அதுக்குத்தான் சோதன உண்டு. ரெண்டு நம்பரையும் என்.பி.ஆர்.ஏ. வெப்சைட்ல போட்டு தேடலாம், நம்பர் ரத்தாகியிருந்தாலும் தெரிஞ்சுக்கலாம். நம்பரே இல்லன்னா தொடவே தொடாதீங்க.

எங்க அப்பாவுக்கு 60 வயசு, தோட்டத்துல செம்பனை குலை வெட்டி ரிட்டையர் ஆனவரு. சில வருசமா மூக்கு நுனி தடிச்சு குழி குழியா பெருசாகிக்கிட்டே வருது. அவரு குடிக்கவே மாட்டாரு. ஆனா ஊர்ல கோயில் கூட்டத்துல எல்லாம் தண்ணி மூக்குன்னு கிண்டல் பண்றாங்க, இப்ப வெளிய போறதே இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கா?

இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த கிண்டல் பண்றவங்களும் இந்தப் பக்கத்த படிக்கணும்னு ஆசப்படுறேன். கள்ளும் சம்சு சாராயமும் நம்ம தோட்டத்து குடும்பங்கள என்ன பாடு படுத்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலயே மூக்கு சிவந்து தடிச்ச ஆம்பளைய பாத்தா நம்ம சனம் உடனே குடிகாரன்னு முடிவு கட்டிருது. ஒரு சொட்டு தொடாதவங்களுக்கும் இது வரும். ரைனோபைமான்னு பேரு, மூக்குல இருக்கற எண்ணெ சுரப்பியும் அதச் சுத்தி உள்ள திசுவும் வளந்து தடிச்சுப்போறது, ரோசேசியாவோட ஒரு வடிவம், ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். குடி ஏற்கனவே இருக்கற சிவப்ப தூண்டி விடலாம், ஆனா அந்த மூக்குக்கு குடிதான் காரணம்னு சொல்றது தப்பு.

ஆரம்பத்துலயே போனா மாத்திரையால வளர்ச்சிய கொறைக்க முடியும், ஸ்பெஷலிஸ்ட் பாத்து ஐசோட்ரெட்டினாயின் குடுக்கறதும் உண்டு. நல்லா தடிச்சுப்போனத மாத்திர கரைக்காது, ஆனா லேசரோ ஆபரேஷனோ பண்ணி கூடுதலா வளந்தத செதுக்கி எடுத்து மூக்க பழைய வடிவத்துக்கு பக்கத்துல கொண்டு வர்றாங்க. கிளினிக்ல ஸ்பெஷலிஸ்ட்ட பாக்க ரெஃபரல் லெட்டர் வாங்கிக்குங்க. எங்க பக்கத்து ஆளுங்க ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க, அங்க தோல் பிரிவு இருக்கு. அப்பாயின்மென்ட் தள்ளித்தான் கிடைக்கும், அதனால லெட்டர இப்பவே வாங்கிருங்க. மூக்குல ஆறாத புண்ணு, ரத்தம் கசியறது, ஒரு பக்கம் மட்டும் வேகமா வளர்றது இப்படி ஏதாவது இருந்தா அத கிளினிக்ல அழுத்திச் சொல்லுங்க, வேற நோய் இல்லன்னு சீக்கிரமா பாத்தே ஆகணும்.

உங்க அப்பாவ அடுத்த கோயில் கூட்டத்துக்கு நீங்களே கூட்டிக்கிட்டு போங்க. யாராவது வாய தெறந்தா இது இன்ன நோய்னு பேரு சொல்லி பதில் குடுங்க.

தே தாரேக் இல்லாம எனக்கு பொழுதே விடியாது. ரோசேசியா இருந்தா தேத்தண்ணி, காப்பி, சம்பல் எல்லாத்தையும் விட்டுறணுமா?

எல்லாத்தையும் விட வேண்டியதில்ல. காப்பி மேல பழி போடுறாங்க, ஆனா பிரச்சன சூடு. 1981-லயே ஒரு ஆய்வுல 60 டிகிரி சூட்டுல காப்பி குடுத்தப்பவும் மூஞ்சி சிவந்துச்சு, அதே சூட்டுல வெறும் தண்ணி குடுத்தப்பவும் சிவந்துச்சு, ஆறுன காப்பிக்கு சிவக்கல. 2018-ல அமெரிக்க நர்ஸுங்கள வருசக்கணக்கா தொடர்ந்து பாத்த ஒரு பெரிய ஆய்வுல காப்பி நெறைய குடிச்சவங்களுக்கு ரோசேசியா கொஞ்சம் கொறவாவே இருந்துச்சு. அதுக்காக மருந்தா நெனச்சு குடிக்க வேணாம், பயப்படத் தேவையில்லன்னுதான் சொல்றேன். கடையில உக்காந்தீங்கன்னா கிளாஸ கொஞ்ச நேரம் ஆற வச்சு குடிங்க, இல்ல தே ஐஸ் சொல்லுங்க.

சம்பல் ஆளுக்கு ஆள் மாறும். மெளகாயில இருக்கற கேப்சைசின், சூட்ட உணர்ற அதே நரம்பத்தான் தட்டி விடுது, அதனால சில பேருக்கு நாசி லெமாக் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள கன்னம் எரியும், சில பேருக்கு ஒண்ணுமே பண்ணாது. ஒரு சின்ன நோட்டுல மூஞ்சி எரிஞ்ச நேரத்தையும், அதுக்கு முன்னாடி சாப்பிட்டது, நின்ன இடம், பட்ட வெயில், போட்ட சண்ட எல்லாத்தையும் ஒரு மாசம் எழுதி வாங்க. உங்களுக்கு எது ஆகாதுன்னு அந்த நோட்டே காட்டிரும், அத மட்டும் கொறச்சுக்கிட்டா போதும். யாரோ சொன்னாங்கன்னு தக்காளி, பட்டை, சாக்லேட், பெலாச்சான்னு எல்லாத்தையும் ஒதுக்கி வெறுஞ்சோறு சாப்பிடாதீங்க.

எனக்கு மூஞ்சி சிவப்போட கண்ணும் மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, அடிக்கடி கண்கட்டி வருது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். ரோசேசியா கண்ணுலயும் வரும், சில பேருக்கு மூஞ்சிக்கு முன்னாடியே கண்ணுல ஆரம்பிச்சுரும். சுத்தமான துணிய வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில நனச்சு மூடுன கண்ணு மேல சில நிமிசம் வச்சு, அப்புறம் இம ஓரத்த மெதுவா தொடச்சு விடுங்க, தெனமும். தாய்ப்பால், பன்னீர், யாரோ குடுத்த சொட்டு மருந்து எதுவும் வேணாம். கண்ணு வலிச்சாலோ, வெளிச்சம் பாக்க முடியாம கூசுனாலோ, பார்வ மங்குனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, ஏன்னா கருவிழிய பாதிச்சா பார்வையே போகலாம். டாக்டர்ட்ட கண்ணு பத்தி சொல்லும்போது மூஞ்சி பத்தியும் சேத்து சொல்லுங்க.

டாக்டர் மெட்ரோனிடசோல் ஜெல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் குடுத்தாரு. ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு மாத்தமும் இல்ல. நான் தோட்டத்துல புல்லுக்கு மருந்து அடிக்கிற வேல. சன்ஸ்கிரீன் போடுன்னாங்க, போட்டா பேய் மாதிரி வெள்ளையா நிக்குது. நிறுத்திரலாமா?

நிறுத்தாதீங்கண்ணே. ரெண்டு வாரம் பத்தாது, இந்த மருந்துங்க வேல செய்ய 8-ல இருந்து 12 வாரம் ஆகும். அவ்வளவு நாள் ஒழுங்கா போட்டும் சரிவரலன்னா மாத்தறதுக்கு வேற இருக்கு, அசெலிக் ஆசிட், அப்புறம் ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம், அது தெனம் ஒரு தடவ. சிவப்ப மட்டும் கொறைக்க பிரிமோனிடின் ஜெல்லுன்னு ஒண்ணு இருக்கு, சில மணி நேரம் நல்லா இருக்கும், சில பேருக்கு அப்புறம் முன்ன விட கூடுதலா சிவந்துரும், அதனால கேட்டுட்டுத்தான் போடணும். ரோசேசியாவுல டாக்சிசைக்ளின் குடுக்கறது கிருமிய கொல்றதுக்குன்னு இல்ல, அழற்சிய அடக்கத்தான், அதனாலதான் கொறஞ்ச அளவுல பல வாரத்துக்கு குடுக்கறாங்க. வீட்ல மிச்சம் இருக்கற மாத்திரைய வேற யாருக்கும் குடுக்காதீங்க, முக்கியமா கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும்.

மாத்திரைய ஒரு முழு கிளாஸ் தண்ணியோட போடுங்க, போட்டுட்டு உடனே படுக்காதீங்க, தொண்டையில ஒட்டுனா புண்ணாக்கிரும். பால், இரும்புச்சத்து மாத்திர, கேஸ்டிரிக் மருந்து, இதெல்லாம் கூடவே சேத்து எடுத்தா மாத்திர உடம்புல சேராது, நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. அப்புறம், டாக்சிசைக்ளின் சாப்பிடுறவங்க தோலு வெயில்ல சீக்கிரம் பொசுங்கும், உங்க வேலையில இதுதான் எனக்கு பெரிய கவல. அதனால சன்ஸ்கிரீன் கட்டாயம் வேணும், எஸ்.பி.எஃப். 30-க்கு கொறயாம, ஜிங்க் ஆக்சைடு உள்ளது இந்தத் தோலுக்கு அவ்வளவா எரியாது. வெள்ளையா நிக்கிறதுக்கு வழி, டின்டட்னு போட்டிருக்கற வகைய கேளுங்க, அதுல அயர்ன் ஆக்சைடு கலந்து பழுப்பு நிறமா இருக்கும், நம்ம தோலோட கலந்துரும், கருத்த இடம் இன்னும் கருக்காமயும் பாத்துக்கும். மொதல்ல காதுக்குப் பக்கத்துல கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்க, எரியலன்னா மூஞ்சிக்கு போடுங்க. ஜெல்ல பூசி காஞ்ச பெறகு மாய்ஸ்சரைசர், கடைசியா சன்ஸ்கிரீன், வேர்வையில கரைஞ்சு போயிரும், அதனால பத்து மணி ரெஸ்ட்ல கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு மறுபடி பூசணும், மருந்து அடிச்ச கையால மூஞ்சிய தொடவே கூடாது.

மாஸ்க், கையுறை, கண்ணாடி எதையும் சூடா இருக்குன்னு கழட்டாதீங்க. விளிம்பு அகலமா இருக்கற தொப்பிய அதோட சேத்து போடுங்க, மாஸ்க் ஈரமானா மாத்துங்க. டாக்டர்ட்ட உங்க வேல என்னன்னு சொல்லி, வெயில் ஏர்றதுக்குள்ள வேலைய முடிக்கற மாதிரி நேரத்த மாத்திக் குடுக்கச் சொல்லி மேனேஜ்மென்டுக்கு ஒரு லெட்டர் கேளுங்க. அந்த லெட்டர மொதல்ல வேலைய மேற்பார்வ பாக்குற மண்டோர்ட்ட குடுங்க, ஒரு காப்பி எடுத்து உங்ககிட்ட வச்சுக்குங்க. அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு போகும்போது ஜெல் டியூபையும் மாத்திர அட்டையையும் மறக்காம கையோட கொண்டு போங்க.